கறி அரைக்கும் பத்தாம் நம்பர் கை மெஷின்: வீட்டிலேயே பன்றிக்கறி சாசேஜ் செய்ய வாங்கலாமா?

வாங்கலாம். அரைப்பதற்கு மட்டும் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். அரைத்த கறியைக் குடலில் அடைத்துச் சாசேஜ் ஆக்கவும் இதுவே போதும் என்று பெட்டி மேல் அச்சடித்திருப்பதை நம்பி வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அந்த விஷயத்தில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற பழைய மாதிரி மெஷின். வார்ப்பிரும்பு, மேலே வெள்ளீயப் பூச்சு, நாலு கிலோவுக்குப் பக்கத்தில் எடை. மேலே கறி போடும் வாய், உள்ளே திருகு, அதன் முனையில் நாலு இதழ் கத்தி, கத்திக்கு முன்னால் துளைத் தட்டு, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய வளையம், பக்கத்தில் கைப்பிடி. இவ்வளவுதான். இரண்டு தட்டுகள் வந்தன, ஒன்று பொடித் துளை, இன்னொன்று 8 மில்லிமீட்டர் பெரிய துளை. கூடவே சாசேஜ் அடைக்க மூன்று பிளாஸ்டிக் குழாய்கள். இணையத்தில் வாங்கினேன், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே பெரிய விஷயமில்லை, பத்தாம் நம்பர் என்று விற்கிற எல்லாமே அநேகமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன. தட்டின் விட்டம் ஏழு சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நம்பர் சின்னது, ஒரு கிலோ அரைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்குத் தேவையில்லை.

எதற்கு இந்த வம்பு, கடையிலேயே கொத்துக்கறியாகப் போட்டு வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சேலத்தில் வெண்பன்றிக் கறி கிடைப்பதில் சிரமமில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரத்தோடு போனால் நல்ல கறியாகவே கிடைக்கிறது. ஆனால் நம் ஊர்க் கடையில் கொத்துவது குழம்புக்கும் வறுவலுக்கும். தோலும் கொழுப்பும் சவ்வும் எலும்புச் சில்லும் சேர்ந்தே வரும். வறுவலுக்கு அதுதான் ருசி, குறை சொல்லவில்லை. சாசேஜுக்கு அது சரிப்படாது. தோல் அரைபடாமல் கத்தியில் சுற்றிக்கொள்ளும், எலும்புச் சில்லு பல்லை உடைக்கும், கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெஷினில் அரைத்துக் கொடுக்கிற கடைகளிலும் காலையிலிருந்து அதே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வரும் கறி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். சாசேஜுக்கு ஆகாதது அந்த வெதுவெதுப்புதான்.

அதனால் கடையில் கேட்கும்போதே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். நான் கேட்பது இப்படி: "அண்ணா, தோள் பக்கம் ஒரே துண்டா குடுங்க, கொத்த வேண்டாங்க. தோலை எடுத்துடுங்க. முதுகுக் கொழுப்பு கால் கிலோ தனியா வேணுங்க." முதல் தடவை கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "கொழுப்பு மட்டும் எதுக்கு தம்பி, நெய் உருக்கவா?" என்று கேட்டார். சாசேஜுக்கு என்றேன். இப்போதெல்லாம் நான் போனாலே தோள் துண்டை எடுத்து வைத்துவிடுகிறார். முதுகுக் கொழுப்பு கெட்டியாக, வெள்ளையாக இருக்கும், அதுதான் வேண்டும். வயிற்றுக்குள் இருக்கிற பொலபொலப்பான கொழுப்பு வேண்டாம், அது நெய் உருக்க நல்லது, சாசேஜில் போட்டால் சீக்கிரம் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

சாசேஜில் கொழுப்பு கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை இருக்க வேண்டும். உடம்புக்கு நல்லதில்லை என்று பயந்து பத்து சதவீதமாகக் குறைத்தால் உதிர்ந்து வறண்டு தொண்டையில் அடைக்கும், அதற்குக் கொத்துக்கறிப் பொரியலே செய்துவிடலாம். தோள்கறியிலேயே கொஞ்சம் கொழுப்பு ஓடியிருக்கும் என்பதால் நான் 850 கிராம் தோள்கறிக்கு 150 கிராம் முதுகுக் கொழுப்பு சேர்க்கிறேன். கறியைக் கழுவாமல் இருக்க நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது, சரி, கழுவுங்கள், முழுத் துண்டாகவே கழுவி, வடித்து, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

இனி மெஷினுக்கு வருகிறேன். இதன் பெரிய பலம் அதன் எடை. வார்ப்பிரும்பு குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறியையும் கொழுப்பையும் ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்பி முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கிறேன், ஓரம் விறைத்து நடு மட்டும் இளசாக இருக்கிற பதம் வரை. அதே நேரத்தில் மெஷினின் உடல், திருகு, கத்தி, தட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். வெளியே எடுக்கும்போது பனி பூத்து இருக்கும். அந்த நிலையில் அரைத்தால் தட்டுத் துளை வழியாகக் கறி தனி இழையாக, கொழுப்பு தனி வெள்ளைப் பொட்டாக, பிரிந்து பிரிந்து விழும். அதைப் பார்க்கும்போதே சாசேஜ் நன்றாக வரும் என்று தெரிந்துவிடும்.

குளிர்ச்சி இல்லையென்றால் என்ன ஆகும்? கொழுப்பு இளகிக் கறியின் மேல் பூசிக்கொள்ளும். தட்டு வழியாக ஒரே இளஞ்சிவப்புக் கூழாக வரும். கொழுப்பு பூசிய கறி ஒன்றோடொன்று ஒட்டாது, உப்பு போட்டு எவ்வளவு பிசைந்தாலும் பிடிப்பு வராது. வேகும்போது கொழுப்பெல்லாம் வாணலியில் ஓடிவிடும், மிச்சம் இருப்பது வெந்த ரப்பர். சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது சமையலறை என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள், அரை அரைக் கிலோவாக, ஒரு பங்கு அரைபடும்போது மறு பங்கு ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கிடைக்கிற அந்தக் குளிர், சாசேஜ் போடுகிறவர்களுக்குப் பெரிய வரம். என் சித்தி வீடு அங்கே இருப்பதால் மார்கழி, தையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறேன். மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனாலும் வேலை நிற்காது, கைப்பிடிதானே. ஒரே எச்சரிக்கை, கரண்ட் நீண்ட நேரம் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கிற கறியின் கதி என்ன என்று பார்க்க வேண்டும்.

மிக்ஸியில் முடியாதா என்று கேட்காத ஆளே இல்லை. பாதி உறைந்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டினால் ஓரளவு வரும். ஆனால் ஒரு பக்கம் விழுதாகவும் இன்னொரு பக்கம் முழுத் துண்டாகவும் நிற்கும், பிளேடு சூடு வேறு. ஃப்ராங்க்ஃபர்ட்டர் என்கிற ஜெர்மன் சாசேஜ் மாதிரி மழமழவென்று வேண்டுமானால் பனிக்கட்டி போட்டு மிக்ஸியில் அரைக்க ஒரு வழி இருக்கிறது, அது வேறு வகை சாசேஜ், அதைப் பற்றி இங்கே பேசவில்லை. கறி வாயில் தெரிய வேண்டும் என்றால் இந்த மெஷின்தான்.

பொருத்தும்போது ஒரு விஷயம் முக்கியம், அதைக் கூட வந்த காகிதத்தில் படத்தில்கூடச் சரியாகப் போடவில்லை. கத்தியின் தட்டையான பக்கம் துளைத் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வெட்டாது, நசுக்கும். மெஷின் மட்டம் என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கத்தியைத் திருப்பி மாட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். வளையத்தைக் கையால் நன்றாக இறுக்குங்கள், தளர்ச்சியாக இருந்தால் சவ்வு உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்று கனமாகிறது, கறி வெளியே வராமல் கூழாகிறது என்றால் மேலே மேலே அழுத்தாதீர்கள், கழற்றிக் கத்தியில் சுற்றியிருக்கும் சவ்வை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

குறைகளில் முதலாவது, மாட்டுகிற இடம். நம் சமையலறை மேடை கிரானைட், கீழே காங்கிரீட் பலகை, இரண்டும் சேர்ந்த கனத்துக்கு இந்த மெஷினின் கவ்வி விரியாது. விரிகிற இடத்திலும் கிரானைட் ஓரம் வழுவழுவென்று இருப்பதால் நாலு சுற்றில் நகர்ந்துவிடும். கனமான மர பெஞ்சோ பழைய மர மேசையோ வேண்டும், அதிலும் கவ்விக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர்த் துண்டு. சித்தி வீட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் காலத்தில் பயன்படுத்திய கனமான பெஞ்ச் ஒன்று இருக்கிறது, அதில் மாட்டினால் அசையாது. பிளைவுட் மேசையில் மாட்டாதீர்கள், ஓரம் பிய்ந்துவிடும். கைப்பிடி முழுச் சுற்றுச் சுற்ற இடம் இருக்கிறதா என்றும் மாட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

இரண்டாவது குறை துரு. உடலுக்கு ஈயப் பூச்சு இருக்கிறது, கத்திக்கும் தட்டுக்கும் இல்லை. கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாளே செம்பழுப்புப் பொடி. ஏற்காட்டு மூடுபனியில் இன்னும் சீக்கிரம். கடைசியில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டை உள்ளே போட்டுச் சுற்றினால் திருகில் ஒட்டியிருக்கும் கறியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, சுடுதண்ணீரிலும் சோப்பிலும் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, துளி எண்ணெய் தடவி வைக்கிறேன். சேலத்தில் தேங்காய் எண்ணெய் போதும். மலையில் குளிருக்கு அது உறைந்து துளைகளில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே கடலை எண்ணெய் தடவி, அடுத்த தடவை அரைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன். தேய்க்கும் இரும்பு நார் வேண்டாம், ஈயம் போய்விடும். புதிதாக வாங்கியதும் இரண்டு தடவை கழுவி, கொஞ்சம் கழிவுக் கொழுப்பை அரைத்துக் கொட்டிவிடுங்கள், முதலில் சாம்பல் நிற மசி வரும்.

மூன்றாவதும் பெரியதும்தான் அந்த அடைக்கிற குழாய். எனக்கு வந்த மூன்றில் ஒன்று வரும்போதே விரிசல் விட்டிருந்தது. விற்றவரிடம் சொன்னேன், படம் கேட்டார்கள், அனுப்பினேன், அதோடு சரி. அதை விடுங்கள், நல்ல குழாயை மாட்டினாலும் வேலை பாடாய்ப்படுத்துகிறது. அடைக்கும்போது கத்தியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசைந்த கறி மறுபடி அரைபட்டுக் கூழாகும். கத்தியையும் தட்டையும் எடுத்தால் திருகின் முனை தாங்க ஒன்றுமில்லாமல் ஆடுகிறது. அதற்கு மூன்று பெரிய ஓட்டை உள்ள தனித் தட்டு ஒன்று உண்டு, பெட்டியில் அது வரவில்லை. நான் துளைத் தட்டின் அளவைக் கொடுத்து இங்கே ஒரு லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ்ஸில் கடைந்து வாங்கிக்கொண்டேன், அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆட்டம் நின்றது. ஆனால் வேகம் வரவில்லை. முறுக்கு அச்சில் பிழிகிற மாதிரி நேராகத் தள்ளினால் கறி கட்டியாக இறங்கும், இதில் திருகு சுற்றிச் சுற்றித் தள்ளுவதால் நடுவில் காற்று புகுந்துவிடுகிறது, நேரமும் ஆகிறது, நேரம் ஆக ஆகக் கறி சூடாகிறது. ஒரு ஆள் சுற்ற, ஒரு ஆள் மேலே கறி போட, ஒரு ஆள் குடலைப் பிடிக்க என்று மூன்று பேர் வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் சரி, தனியாக முடியாது.

குடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுச் சிறுகுடல் மெல்லியது, விரல் அளவு சாசேஜுக்கு ஏற்றது. பன்றிக் குடல் அதைவிடப் பெரியது, பெரும்பாலும் 30 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கறிக்கடையில் வாங்குகிற குடலை நாமே சுரண்டிச் சுத்தம் செய்வது நாள் முழுக்க ஆகும் வேலை, உள் சவ்வு முழுக்கப் போக வேண்டும், கிழியவும் கூடாது. சுத்தம் செய்து உப்பில் போட்டு விற்பது கிடைத்தால் அதை வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, குழாயில் மாட்டி உள்ளேயும் தண்ணீர் விட்டு அலசினால் போதும். குடலுக்குப் பதிலாக, கொலாஜன் என்ற புரதத்தில் செய்த உறை இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது, ஒரே சீராக இருக்கும், கிழியாது. அது பெரும்பாலும் மாட்டுத்தோலிலிருந்து செய்வது. நமக்கு அதில் ஒன்றுமில்லை என்றாலும், வீட்டுக்கு வருகிறவர்களில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் சொல்லாமல் பரிமாறுவது தப்பு. பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள், சாப்பிடுகிறவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் குடலே இல்லாமலும் செய்யலாம், வீட்டில் அதிகம் செய்வதும் அதுதான். பிசைந்த கறியை ஈரக் கையால் விரல் தடிமனுக்கு உருட்டி, நெருப்பில் வாட்டிய வாழை இலையில் இறுக்கமாகச் சுற்றி, இட்லிப் பானையில் கால் மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் இலையைப் பிரித்துத் தோசைக்கல்லில் சிவக்க உருட்டி எடுத்தால் அருமையாக இருக்கிறது. கடிக்கும்போது தோல் தெறிக்கிற அந்தச் சத்தம் மட்டும் இருக்காது. காலை டிபனுக்கு அதுவே தாராளம்.

இப்போது ருசி. உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் கரண்டிக்குக் கரண்டி மாறும். ஒரு கிலோவுக்கு 16 முதல் 18 கிராம். உப்பு ருசிக்கு மட்டுமில்லை, கறியிலிருக்கும் புரதத்தை வெளியே கொண்டுவந்து பசையாக்குவதும் அதுதான். உப்பும் மசாலாவும் போட்டு, 60 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டு, விரல் விறைக்கிற அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தட்டிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் நெல்லிக்காய் அளவு எடுத்துத் தட்டி, கல்லில் முழுக்க வேகவைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உப்பு, காரம் சரிபண்ணுங்கள். பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது, பன்றிக்கறியில் நாடாப்புழு பயம் உண்மையான பயம்.

எங்கள் வீட்டில் முதலிடம் மிளகுக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள், அந்தக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் ஏறுகிற மிளகைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் நேராக வாங்குகிற புது மிளகின் மணம் பாக்கெட் மிளகில் இல்லவே இல்லை. ஒரு கிலோவுக்கு 5 கிராம், உரலில் ஒன்றிரண்டாக இடித்து, கூட நாலைந்து பல் பூண்டு, கொஞ்சம் வறுத்த மல்லி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், ஒரு சின்னத் துண்டு வெல்லம். வேறு ஒன்றும் போடாதீர்கள். பெரிய துளைத் தட்டில் ஒரே தடவை அரைத்த கறிக்கு இது அபாரம்.

இரண்டாவது, கமலா ஆரஞ்சுத் தோல். மலையில் பழம் வருகிற சமயத்தில் தோலின் வெளிப்பக்கத்தை மட்டும், உள்ளே இருக்கிற வெள்ளை வராமல், மெல்லிசாகச் சீவி மிளகோடு சேர்த்தால் கொழுப்பின் திகட்டல் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் செய்முறைகளில் சேஜ், தைம் என்று இலைகள் வரும், அதற்கு நான் கற்பூரவல்லி இரண்டு மூன்று இலை பொடியாக நறுக்கிப் போடுகிறேன். அதே ருசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பன்றிக்கறியோடு நன்றாகச் சேர்கிறது. அதிகம் போட்டால் இருமல் மருந்து வாடை வரும்.

பள்ளிபாளையம் சிக்கன் மாதிரியில் ஒன்று செய்தேன், சின்ன வெங்காயம், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டுக் கறி நெகிழ்ந்துவிடும், எண்ணெயில் சுண்ட வதக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து முழுக்க ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். தேங்காயை அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும், பெரிதாக இருந்தால் குடலைக் கிழிக்கும். வாழை இலையில் சுற்றிச் செய்ய இதுதான் சரியான மசாலா.

வினிகரும் மிளகாயும் போட்ட கோவா மாதிரியும் பலருக்குப் பிடிக்கும். ஒரு ஸ்பூன் வினிகரைக் கடைசியில்தான் விட வேண்டும், முதலிலேயே விட்டால் பிடிப்பு கெட்டுப் பொலபொலவென்று ஆகிவிடும். ஆனால் கோவாக்காரர்கள் போலத் தொங்கவிட்டுக் காயவைக்கிறேன் என்று தயவுசெய்து இறங்காதீர்கள், முக்கியமாக ஏற்காட்டு ஈரத்தில் வேண்டவே வேண்டாம். காயவைப்பதற்கும் புகை போடுவதற்கும் உப்பின் அளவு வேறு, நைட்ரைட் கலந்த தனி உப்பை கிராம் பிசகாமல் நிறுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காற்றுப் போகாத உட்புறத்தில் பாட்டுலினம் என்ற நச்சு உருவாக வழி உண்டு. அது உயிருக்கே ஆபத்து. நான் இங்கே சொல்வதெல்லாம் பச்சை சாசேஜ், செய்து ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டியது. அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான், அங்கேயும் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கெட்டுப்போகாவிட்டாலும் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்.

கடை சாசேஜ் போல இன்னும் கொஞ்சம் இறுக்கமாக, ஈரப்பசையோடு வேண்டும் என்பவர்கள் கிலோவுக்கு 20 கிராம் மரவள்ளி மாவு சேர்க்கலாம். சேலத்தில் இதற்குப் பஞ்சமா, ஜவ்வரிசிக்கே பேர்போன ஊர். எனக்கு மாவு இல்லாததுதான் பிடித்திருக்கிறது, குழந்தைகள் மாவு போட்டதைத்தான் கேட்கிறார்கள்.

வேகவைக்க ஒரு கறி தெர்மாமீட்டர் வாங்குங்கள், குத்திப் பார்க்கிற ஊசி மாதிரி. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது, வெளி நிறத்தை நம்பக் கூடாது. குடலில் அடைத்ததைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெடிக்கும். ஆவி பறக்கிற, ஆனால் கொதி வராத தண்ணீரில் இருபது நிமிடம் விட்டு, எடுத்துத் துடைத்து, அப்புறம் குறைந்த தீயில் கல்லில் சிவக்க விடுங்கள். காற்றுக் குமிழி தெரிகிற இடத்தில் மட்டும் ஊசியால் குத்துங்கள், முழுக்கக் குத்தினால் சாறு எல்லாம் போய்விடும்.

ஆக, யார் வாங்கலாம்? மாதம் ஒன்றோ இரண்டோ கிலோ செய்கிற வீட்டுக்கு இது ரொம்பச் சரி. கோலா உருண்டைக்கு ஆட்டுக்கறி அரைக்க, கட்லெட்டுக்கு அரைக்க என்று வேறு வேலைக்கும் உதவும், ஆனால் பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் வீட்டுக்கு இரவல் கொடுக்காதீர்கள், கேட்டால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வாரம் ஐந்து கிலோ செய்து விற்கப் போகிறீர்கள் என்றால் மோட்டார் வைத்ததுதான் கட்டுப்படியாகும். முழு ஸ்டெயின்லெஸ்ஸில் வருவது துருப் பிடிக்காது, விலை பல மடங்கு, பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். அலுமினியத்தில் மலிவாக வருகிறதே அதை வாங்காதீர்கள், கழுவக் கழுவக் கருப்பு மசி வந்துகொண்டே இருக்கும், அது கறியிலும் ஒட்டும்.

அரைப்பதற்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மார்க் குறைந்தது கவ்வியால். அடைப்பதற்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியாது. அடுத்து நேராகத் தள்ளுகிற மாதிரி, செங்குத்தாக நிற்கிற தனி அடைப்பு மெஷின் மூன்று கிலோ அளவில் வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்று கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. சேலம் பக்கம் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். பத்தாம் நம்பர் கத்தி மட்டும் தனியாக விற்கிற பாத்திரக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள், என்னுடையதைச் சாணை பிடித்துப் பிடித்து இதழ் மெலிந்துகொண்டே வருகிறது.